மலைக்கு மேல ஒரு டிக்: செமாய் சொந்தக்காரங்களோட வாட்சாப்ல பேசுறது பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் இருக்குறது கேஎல் (கோலாலம்பூர்), செத்தாப்பாக் பக்கம். எங்க அண்ணன் கட்டியிருக்குறது செமாய்ங்கற மலேசியப் பூர்வகுடி இனத்துப் பொண்ணு, தாப்பாவுல இருந்து கேமரன் மலைக்கு ஏறுற பழைய ரோட்டுல பாதி வழியில உள்ள திரும்புற ஒரு கம்பம், அதாவது கிராமம்தான் அவங்க ஊரு. கல்யாணம் ஆகி 9 வருஷம் ஆச்சு. அந்த 9 வருஷமா சித்தி, பெரியம்மா, ஆபிஸ்ல கூட வேலை செய்யுறவங்க, அந்தப் பக்கம் ஸ்கூலுக்கு மாத்தலாகிப் போற டீச்சருங்க, லீவுல உதவிக்குப் போற பசங்கன்னு எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே சந்தேகத்தத்தான் என்கிட்ட கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். கம்பத்துப் பேர எழுதல, அத்தை, அதாவது அண்ணியோட அம்மா, வேணாம்னு சொல்லிட்டாங்க. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கமான குடும்பங்கள்ல பாத்தது, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

ஒராங் அஸ்லின்னா யாரு, செமாய்ன்னா யாரு, ரெண்டும் ஒன்னா?

ஒராங் அஸ்லிங்கறது தீபகற்ப மலேசியாவோட பூர்வகுடிகள் எல்லாருக்கும் சேத்து வெச்ச பேரு. நெக்ரிட்டோ, செனோய், ஆதி மலாய்னு 3 பெரிய பிரிவு, அதுக்குள்ள 18 இனம், மொத்தம் சுமாரா 2 லட்சம் பேர். செமாய் அதுல ஒன்னு, எண்ணிக்கையில அதுதான் பெருசு, பேராக்லயும் பகாங்லயும்தான் நிறைய இருக்காங்க. கேஎல், சிலாங்கூர் பக்கம் நீங்க பாக்குறது முக்கால்வாசி தெமுவான், கேரித் தீவுல மரச்சிற்பம் செய்யுறவங்க மா மெரி. சபா சரவாக் பூர்வகுடிகள் வேற, அவங்கள இதுல சேக்கறதில்ல.

மொழியும் வேற. செமாய் மலாய் இல்ல, அது ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பம், கம்போடியாவுல பேசுற கெமர் மொழிக்குத்தான் தூரத்துச் சொந்தம். எல்லாருக்கும் மலாய் தெரியும்னு நினைச்சுக்காதீங்க, வயசானவங்களுக்கு கொஞ்சம்தான் வரும்.

எங்க தாத்தா சக்காய்னுதான் சொல்லுவாரு, அதுல என்ன தப்பு?

தப்புதான், சொல்லாதீங்க. அடிமை, கீழ இருக்குறவன்ங்கற அர்த்தத்துல வெளி ஆளுங்க வெச்ச பேரு அது, வெள்ளைக்காரன் காலத்து ரெக்கார்டுலயும் அதையே எழுதினாங்க. கம்யூனிஸ்டுங்களோட சண்டை நடந்த அவசரகாலத்துக்கு (1948-60) அப்புறம்தான் ஒராங் அஸ்லிங்கற பேரு வந்துச்சு. எங்க குடும்ப குரூப்ல ஒரு மாமா வெகுளியா அந்த வார்த்தையத் தட்டி விட்டுட்டாரு, அண்ணி ஒன்னும் சொல்லல, ஆனா ரெண்டு மாசம் அந்த குரூப்ப தொறக்கவே இல்ல. தோட்டத்துல நம்மள என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு நமக்குத் தெரியும், அதுக்கு மேல நான் வெளக்க வேண்டியதில்ல.

அவ்ளோ உள்ள இருக்காங்க, அவங்ககிட்டலாம் வாட்சாப் இருக்கா?

இருக்கு. வேலைக்கு கேஎல், ஈப்போ, சிங்கப்பூர் வரைக்கும் போற பசங்க இருக்காங்க, அவங்க மொத சம்பளத்துல வீட்டுக்கு வாங்கித் தர்றதே ஹேண்ட்போன்தான். அதுக்கு முன்னாடி ரேடியோ. அரசாங்க ரேடியோ ஆர்டிஎம்ல அஸ்யிக் எஃப்எம்னு ஒன்னு இருக்கு, செமாய், தெமியார், தெமுவான், ஜக்கூன் 4 மொழியிலயும் பேசுவாங்க. அத்தைக்கு இன்னும் வாட்சாப்ப விட அந்த ரேடியோதான் பிடிக்கும், காரணம் அதுக்கு டாப்-அப் வேணாம்.

ஆனா போன் இருக்குறது வேற, லைன் இருக்குறது வேற. 2020-ல சபா பித்தாஸ்ல ஒரு மாணவி ஆன்லைன் பரீட்சை எழுத மரத்து மேல ஏறி ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தாங்களே, அந்த வீடியோவ நாடே பாத்துச்சு. நம்ம தீபகற்பத்து மலைக் கம்பங்கள்லயும் அதே கதைதான், வீடியோ எடுக்க ஆள் இல்ல, அவ்ளோதான்.

மூனு நாளா ஒரே ஒரு டிக்தான் இருக்கு, என்னை ப்ளாக் பண்ணிட்டாங்களா?

நூத்துக்கு தொண்ணூறு பேர் கேக்குறது இதான். ஒரு டிக்னா உங்க மெசேஜ் வாட்சாப் சர்வருக்குப் போயிடுச்சு, அவங்க போனுக்கு இன்னும் போகல, அவ்ளோதான் அர்த்தம். ப்ளாக் பண்ணாலும் ஒரு டிக்தான் வரும், அது உண்மை, ஆனா மலைக் கம்பத்துல அது கடைசியா நினைக்க வேண்டிய காரணம். மொத காரணம் லைன், ரெண்டாவது கரண்ட், மூனாவது கிரெடிட்.

எங்க அத்தை வீட்ட சொல்றேன். வீடு முழுக்க தேடினாலும் லைன் கிடைக்குறது அடுப்படி ஜன்னல்ல மட்டும்தான். அங்க ஒரு ஆணி அடிச்சு, பழைய பாத்தேக் துணியில அண்ணி தைச்சுக் குடுத்த சின்னப் பைய மாட்டி வெச்சிருக்காங்க, போன் அதுக்குள்ள நேரா நிக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் இருக்குற ஒரு சிக்னல் கோடும் போயிடும். பைக்குக் கீழ விறகு அடுப்பு, அதனால சமைக்குற நேரத்துல புகை படும்னு போன எடுத்து உள்ள வெச்சிடுவாங்க, அப்ப லைன் கட். சோலார்ல சார்ஜ் ஏறணும், மழை மாசத்துல ரெண்டு நாள் வெயிலே வராது. நல்லா பேசணும்னா ரோட்டு வளைவு வரைக்கும் மோட்டார்ல இறங்கணும், அங்க ஒரு மரக்கட்டைய போட்டு வெச்சிருக்காங்க, சாயங்காலம் ஆனா பத்து பதினஞ்சு பேர் வரிசையா உக்காந்து அவங்கவங்க பிள்ளைங்ககிட்ட பேசிட்டு இருப்பாங்க. அப்படி யாராவது இறங்கி வர்ற அன்னைக்குத்தான் உங்க ஒரு டிக் ரெண்டாகும்.

ஒன்னு முக்கியம். போய்ச் சேராத மெசேஜ வாட்சாப் 30 நாள்தான் சர்வர்ல வெச்சிருக்கும், அப்புறம் அழிச்சிடும். அதனால ஒரு மாசத்துக்கு மேல ஒரு டிக்லயே நின்னுச்சுன்னா அது இனிமே போகாது, திரும்ப அனுப்புங்க. "நான்தான் போன மாசமே சொன்னேனே"ன்னு சண்டைக்குப் போகாதீங்க, அவங்க கண்ணுக்கு அது வரவே இல்ல.

சில வருஷம் முன்னாடி வரைக்கும் நல்லா பேசினோம், இப்ப அவங்க போன்ல நெட்டே இல்லன்றாங்க, ஏன்?

போன் பழசான்னு கேளுங்க. 2021 கடைசியோட நம்ம நாட்டுல 3ஜிய மூடிட்டாங்க. 4ஜி வராத பழைய போன் வெச்சிருந்தவங்களுக்கு அதுக்கப்புறம் 2ஜிதான், கால் பேசலாம், எஸ்எம்எஸ் போடலாம், வாட்சாப் நகராது. எங்க மாமா, அண்ணியோட அப்பா, தன்னோட போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மூனு தடவை தாப்பாவுக்கு ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு, யாரும் அவருக்கு விஷயத்த எடுத்துச் சொல்லல, அத கேட்டப்ப எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. சொந்தக்காரங்களுக்கு எதாவது வாங்கித் தரணும்னு நினைச்சா 4ஜி வர்ற, பேட்டரி பெருசா இருக்குற சாதாரண போன் போதும்.

போன் பண்ணா வேற யாரோ எடுக்குறாங்க, நம்பர ஏன் மாத்திட்டே இருக்காங்க?

மாத்தறதில்ல, செத்துப்போகுது. ப்ரீபெய்ட் சிம்முக்கு நாள் கணக்கு இருக்கு, நேரத்துக்கு டாப்-அப் போடலன்னா மொதல்ல நம்ம கூப்பிட முடியாது, அப்புறம் வர்ற காலும் நிக்கும், அப்புறம் நம்பரே போயிடும், கம்பெனி அத வேற ஆளுக்குக் குடுத்துடும். டாப்-அப் போட கீழ டவுனுக்கு வரணும், வர்ற பெட்ரோல் காசு டாப்-அப்ப விட கூட.

வாட்சாப்லயும் 120 நாள் தொறக்காம இருந்தா அக்கவுண்ட் போயிடும், குரூப்ல இருந்தும் காணாமப் போயிடுவாங்க. எங்க வீட்டுல மாசம் ஒன்னாந்தேதி சம்பளம் வந்ததும் அத்தை நம்பருக்கு நானே இங்க இருந்து 10 வெள்ளி (ரிங்கிட்) போட்டு விடுறேன், நாலு வருஷமா அதே நம்பர் நிக்குது. பழைய நம்பருக்கு வீட்டு ஃபோட்டோ, ஐசி (அடையாள அட்டை) ஃபோட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை குரலக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

மலாய்ல அழகா டைப் பண்ணி அனுப்பறேன், படிச்ச மாதிரியே தெரியலயே?

வாய்ஸ் நோட் அனுப்புங்க. 2013-ல வாட்சாப்ல அது வந்ததுதான் இந்தக் குடும்பங்களுக்கு உண்மையான வாசல் தொறந்த மாதிரின்னு நான் சொல்லுவேன். சில ஆரம்பப் பள்ளியில செமாய் ஒரு பாடமா இருக்கு, ஆனா பெரியவங்க யாரும் அப்படிப் படிச்சு வந்தவங்க இல்ல, அதுவும் இல்லாம செமாய்ல இருக்குற உயிர் ஓசை எல்லாத்தையும் மலாய் எழுத்துல கொண்டு வர முடியாது, ஊருக்கு ஊர் பேச்சும் மாறும், அதனால டைப் பண்ணா அவங்களுக்குள்ளயே கொழப்பம். குரல்ல அந்தப் பிரச்சனையே இல்ல. ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டு ஒரு நல்ல ஃபோட்டோவ விட சின்னது, ஒரு கோடு லைன்லயும் நகர்ந்துடும். வீடியோ வேணாம், ஆட்டோ டவுன்லோட அவங்க போன்ல அணைச்சு விடுங்க, இல்லன்னா யாரோ அனுப்புற குட்மார்னிங் வீடியோவே மாசக் கோட்டாவ தின்னுடும்.

அத்தை அனுப்புற வாய்ஸ் நோட்டுல பேச்சு பத்து செகண்டுதான் இருக்கும், மத்தது கோழி, தகரத்துல மழை, யாரோ மூங்கில் தரையில நடக்குற கிரீச் சத்தம். அண்ணி அத காதுல வெச்சுட்டு அந்த நடை யாரோடதுன்னே சொல்லிடுவாங்க.

ப்ளூ டிக் வந்துருச்சு, ஆனா பதில் இல்ல. கோவமா?

இருக்கலாம், பெரும்பாலும் இல்ல. மேல ஆணியில மாட்டின பைன்னு சொன்னேன்ல, அந்தப் போன் ஒருத்தரோடது இல்ல, வீட்டோடது. தொறந்து கேட்டது பேரப்பையனா இருக்கும், பாட்டி தோட்டத்துல மரவள்ளி பிடுங்கிட்டு இருப்பாங்க. ரகசியம் எதையும் அந்த நம்பருக்குப் போடாதீங்க, வீடே சேந்து கேக்கும்.

இன்னொன்னு, செமாய்க்காரங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல ரொம்ப சங்கடப்படுவாங்க. நீங்க எதாவது கேட்டு பதில் வரலன்னா அது இஷ்டமில்லைங்கறதோட மரியாதையான வடிவமா இருக்கலாம், திரும்பத் திரும்ப கேட்டு நெருக்காதீங்க.

50 வெள்ளி அனுப்பினேன், ஒரு தேங்க்ஸ் கூட சொல்லல, இது நல்ல பழக்கமா?

எங்க அம்மாவும் இத ஒரு வருஷம் மனசுல வெச்சிருந்தாங்க. செமாய் பழக்கத்துல குடுத்ததுக்கு நன்றி சொல்றதே முறையில்ல, நீ குடுத்தத நான் அளந்து பாத்தேன், நீ குடுப்பன்னு நான் எதிர்பாக்கலன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அங்க உள்ளத பகிர்ந்து சாப்பிடுறது கடமை, வேட்டையில கிடைச்ச சின்னத் துண்டுக் கறிக்கூட வீடு வீடாப் போகும்.

யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டுல அம்மா சோறு போட்டா நன்றின்னா சொல்றோம்? சொன்னா அம்மாவுக்கு கோவம் வரும். பெத்தாய் காய் சீசன்ல சம்பந்தி வீட்டுல இருந்து பஸ்ஸுல ஒரு மூட்டை வந்து இறங்குச்சு, அதோட ஒரு மெசேஜும் இல்ல. அன்னைக்குத்தான் அம்மாவுக்குப் புரிஞ்சுது, அந்த 50 வெள்ளிக்கு பதில் எப்பவோ வந்துட்டே இருந்துருக்குன்னு.

இந்த வாரம் வரேன்னு மெசேஜ் போட்டேன், போக முடியல, சாரி போட்டுட்டா போதாதா?

போதாது, இத கொஞ்சம் கவனமா படிங்க. மலாய்க்காரங்க கெம்புனான்னு சொல்றது நமக்குத் தெரியும், ஆசைப்பட்டது கிடைக்காமப் போனா ஆபத்து வரும்ங்கற பயம். செமாய்ல அதையே பெஹுனான்னு சொல்லுவாங்க, அது இன்னும் ஆழம். ஒருத்தருக்கு ஆசைய காட்டிட்டு நிறைவேத்தாம விட்டா அவங்களுக்கு பாம்பு கடிக்கலாம், விழுந்து அடிபடலாம், அந்தப் பொறுப்பு ஆசை காட்டினவங்களோடது. அதனால "அடுத்த வாரம் கேக் வாங்கிட்டு வரேன் செல்லம்"னு பிள்ளைங்களுக்கு சும்மா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பறது அங்க சும்மா இல்ல.

போறதுக்கு முதநாள் உறுதியானப்புறம் சொல்லுங்க. சொல்லிட்டு போக முடியாத நிலைமை வந்துச்சுன்னா, டிக்க நம்பாதீங்க, ரோட்டு வளைவுக்கு வர்ற யாராவது பையன கூப்பிட்டு நேரா போய்ச் சொல்லச் சொல்லுங்க. அவங்க உங்களுக்காக சமைச்சு வெச்சுட்டு, ரோட்ட பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

மாமியாரும் மருமகனும் ஒரே குரூப்ல இருக்கலாமா? எங்க அண்ணன சேத்ததும் அவங்க வெளிய போயிட்டாங்க.

செமாய், தெமியார் ரெண்டு பக்கமும் பழைய வழக்கம் ஒன்னு உண்டு, மாமியாரும் மருமகனும் நேரா பேசிக்க மாட்டாங்க, மாமனாரும் மருமகளும் அப்படித்தான். வெறுப்பு இல்ல, அதுதான் மரியாதை. எங்க பாட்டி தாத்தா பேர கடைசி வரைக்கும் சொல்லல, "இவளோட அப்பா"ன்னுதான் கூப்பிட்டாங்க, மருமகன் வந்தா கதவுக்குப் பின்னாடி நின்னுதான் பேசினாங்க. அதே மாதிரின்னு வெச்சுக்குங்க. இப்ப இளசுங்க நிறைய பேர் கடைப்பிடிக்கறதில்ல, ஆனா அத்தை வயசுல இருக்கவங்களுக்கு அது உடம்புலயே ஊறினது.

நாங்க ரெண்டு குரூப்பா பிரிச்சோம். அண்ணன் இருக்குற குரூப்ல அத்தை இல்ல. அண்ணன் எதாவது சொல்லணும்னா பிள்ளைய விட்டு "பாட்டி, அப்பா கேக்குறாரு"ன்னு வாய்ஸ் நோட் போட வைப்பாரு, பதிலும் பேரனுக்குத்தான் வரும். ஆரம்பத்துல எனக்கு சுத்தி வளைக்குற மாதிரி இருந்துச்சு, இப்ப அந்தப் பையனுக்கு 7 வயசுல செமாய் தண்ணியா வருதுன்னா அதுக்கு இதுதான் காரணம்.

குரூப்ல ஒரு பெரிய சண்டை வந்துருச்சு, எல்லாரும் அமைதியாயிட்டாங்க, என்ன பண்றது?

டைப் பண்றத நிறுத்துங்க, மொத வேலை அது. செமாய்க்காரங்க பிரச்சனைய தீக்குற முறைக்கு பெச்சாராஅன்னு பேரு, ரெண்டு பக்கத்துச் சொந்தமும் தலைவர் வீட்டுல உக்காந்து, ஒவ்வொருத்தரும் தன் மனசுல இருக்குறத முழுசா பேசி முடிக்குற வரைக்கும் பேசுவாங்க, ராத்திரி பகல் போகும், குரல ஒசத்த மாட்டாங்க, பேசறதுக்கு இனி ஒன்னுமில்லன்ற நிலை வந்தாத்தான் தலைவர் முடிச்சு வைப்பாரு, அதுக்கப்புறம் அந்தப் பேச்ச யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. வாட்சாப்ல இதுக்கு நேர் எதிர், பேசினது அழியாம அப்படியே நிக்கும், ஸ்க்ரீன்ஷாட் வேற சுத்தும், லைன் இல்லாதவங்க தன் பக்கத்த சொல்லவே முடியாது.

எங்க வீட்டுல நில விஷயமா ஒரு தடவை இப்படி ஆச்சு. நேர்ல போனோம், தோக் பாத்தின், அதாவது ஊர்த் தலைவர் வீட்டுல உக்காந்து தீத்தோம். அப்புறம் அண்ணியோட தம்பி அந்த குரூப்பையே அழிச்சுட்டு புதுசா ஒன்னு தொறந்தான், பழைய பேச்சு யார் கையிலயும் இருக்கக் கூடாதுன்னு.

ஹாஸ்டல்ல இருக்குற பிள்ளைங்களுக்கு போன் குடுக்கலாமா?

ஸ்கூல் விதிய மீறச் சொல்ல மாட்டேன், ஹாஸ்டல்ல ஹேண்ட்போனுக்கு அனுமதி இல்ல. ஆனா பெத்தவங்க ஏன் இதுல இவ்ளோ துடிக்குறாங்கன்னு டீச்சரா போறவங்க தெரிஞ்சுக்கணும். 2015-ல கிளந்தான் குவா மூசாங்கல தோஹோய் ஸ்கூல்ல இருந்து 7 தெமியார் பிள்ளைங்க தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள்ள போனாங்க, கிட்டத்தட்ட 7 வாரம் கழிச்சு 2 பேர்தான் உயிரோட கிடைச்சாங்க. அந்தச் சேதிய கேட்ட எந்த ஒராங் அஸ்லி அம்மாவும் அதுக்கப்புறம் நிம்மதியா பிள்ளைய அனுப்பியிருக்க மாட்டாங்க.

அதனால வார்டனோ டீச்சரோ வாரம் ஒரு நாள் தன் போன்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் 30 செகண்ட் வாய்ஸ் நோட் பதிவு பண்ணி அனுப்பினாலே போதும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தமிழ் டீச்சர் இத செய்யுறாங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைங்க வரிசையில நிப்பாங்களாம்.

அழகா இருக்காங்க, ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடலாமா?

கேளுங்க, அவங்க தலையாட்டினாலும் நாளைக்கு ஒரு தடவை திரும்பக் கேளுங்க, நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்கன்னு மேலயே சொன்னேன். பிள்ளைங்க குளிக்குற ஃபோட்டோ, வீட்டு உள் ஃபோட்டோ, பேரோட சேத்து கம்பத்துப் பேரு, இது மூனும் வேணவே வேணாம்.

அவங்க வாட்சாப்ல இருந்து காசு கேட்டு மெசேஜ் வந்துச்சு, உண்மையா?

போன் பண்ணி குரல கேளுங்க. யாரோ வாட்சாப் அனுப்புற 6 நம்பர் கோடு (code) கேட்டு வாங்கி அக்கவுண்ட பிடிச்சிருக்கலாம், அத்தை வீட்டு நம்பருக்கே போன வருஷம் இப்படி நடந்துச்சு. அந்தக் கோட யாருக்கும், எனக்கே கூட, சொல்லக் கூடாதுன்னு செமாய்ல ஒரு வாய்ஸ் நோட் பண்ணி அண்ணி எல்லாருக்கும் அனுப்பினாங்க. காசு போயிட்டா யோசிக்காம 997-க்கு, மோசடிப் புகார் சொல்ற நம்பருக்கு அடிங்க.

சாவுச் சேதிய மெசேஜ்ல அனுப்பலாமா?

ஒரு டிக்ல சாவுச் சேதி கிடக்கக் கூடாது. கால் பண்ணுங்க, கிடைக்கலன்னா கீழ டவுன்ல இருக்குற சொந்தக்காரர அனுப்புங்க. அவங்க பக்கம் துக்கம்னா அந்த நாளுங்க முடியுற வரைக்கும் பாட்டு, ஆட்டம் கிடையாது, அதனால குரூப்ல பாட்டு வீடியோ, பொறந்தநாள் ஸ்டிக்கர் எதுவும் போடாம இருங்க.

வாட்சாப் வந்ததுனால ஊருக்குப் போறது குறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

எங்க வீட்டுல ரெண்டும் நடந்துச்சு. 2020 மார்ச்ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப நிறைய கம்பங்கள்ல அவங்களே ரோட்ட மறிச்சாங்க, சில குடும்பம் இன்னும் உள்ள காட்டுக்குப் போயிடுச்சு, மாசக்கணக்குல அந்த ஜன்னல் பைதான் எங்களுக்கும் அவங்களுக்கும் இருந்த ஒரே வழி. அது இல்லன்னா அண்ணி அழுதே செத்திருப்பாங்க. ஆனா எல்லாம் தொறந்தப்புறமும் அண்ணன் "அதான் தினம் பேசுறோமே"ன்னு ஒரு ஹரி ராயா லீவு, ஒரு தீபாவளி லீவு போகாம விட்டாரு. அந்த ஒரு வருஷத்துல மாமாவுக்கு கண்ணு மங்கிப்போனது எங்க யாருக்கும் தெரியல, குரல்ல அது தெரியாது, அவரும் சொல்லல. கேமராவ ஆன் பண்ற அளவுக்கு அங்க லைனும் இல்ல. போய்ப் பாத்தப்ப பேரன தடவிப் பாத்துத்தான் யாருன்னு சொன்னாரு. கோம்பாக்ல இருக்குற ஒராங் அஸ்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வந்து காட்டினோம், எங்க வீட்டுல இருந்து 20 நிமிஷம், ஒரு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்.

இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை காலையில கிளம்பிடுறோம். போறவங்க யாரா இருந்தாலும் ரெண்டு பவர்பேங்க் முழுசா சார்ஜ் பண்ணி எடுத்துட்டுப் போங்க, அத அங்கயே விட்டுட்டு காலியான ரெண்ட எடுத்துட்டு வாங்க. பழைய பாத்தேக் துணி இருந்தா அதையும், அத்தைக்கு அந்தப் பை புகையில கருத்துப் போச்சு.